மாப்பிள்ளை கேட்கத் திருச்சுழிக்கு

அப்பா அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டது அத்தை பேரனின் காதுகுத்துக்கு. நான் கூடப் போனது, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று வேல்ச்சாமியிடம் கேட்க. இந்த இரண்டாவது காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுபதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இறந்த பிறகு படிப்பை விட்டு அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள். அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததில்லை.

வேல்ச்சாமி எங்கள் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சொந்த ஊர் திருச்சுழி. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். எங்கள் கடையிலேயே மீசை முளைத்தது. ஆள் இருந்தால் என்னை "நீங்க" என்பார், இல்லாவிட்டால் "நீ". குடியுரிமைக்கு எழுதிப்போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காது என்று ஆனபோது எங்கள் தெருவிலிருந்து ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். துறைமுகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது மட்டும் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே சாதி, தூரத்து முறைகூட உண்டு. ஆனால் முதலாளி கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர் வேறு என்ன சொல்வார்? அந்தச் சரி எனக்கு வேண்டியதில்லை. அவர் விரும்பினால் சரி என்றும், விரும்பாவிட்டால் இல்லை என்றும் சொல்லக்கூடிய ஓர் இடத்தில் நானே கேட்க வேண்டும் என்று இருந்தது.

அந்த இடத்தை அவரே எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். பினாங்கில் தண்ணிமலை அடிவாரத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தோட்டம் ஒன்று இருக்கிறது. தைப்பூசம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கடை ஆட்களை எல்லாம் அங்கே கூட்டிப்போனார். நான் குரங்குகளுக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தேன். வேல்ச்சாமி பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். பிறகு அருவியைப் பார்த்தபடி, "எங்க ஊர்லயும் ஒரு தோட்டம் இருக்கு தனம். ராசா காலத்து நந்தவனம். நடுவுல கல் மண்டபம், மண்டபத்துக்கு மேல சாஞ்ச மாதிரி ஒரு மகிழ மரம். யானை எறங்கிக் குளிக்கும், அம்மாம் பெரிய தொட்டி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் போன பிறகு நான் அந்த நந்தவனத்தில்தான் பாதி நேரம் இருந்தேன்.

கப்பலிலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டேன். விடிகாலையில் போக வேண்டும். மகிழம்பூ உதிர்ந்து கிடக்கும். இலைப்பச்சைப் பட்டு கட்டிக்கொள்ள வேண்டும். மண்டபத்துப் படியில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டே கேட்க வேண்டும். கேட்க வேண்டிய வாக்கியத்தைக் கப்பல் தளத்தில் நடந்தபடி முணுமுணுத்துப் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டு, "எந்தச் சாமிக்குச் சுலோகம் சொல்லுதீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றார்.

முதல் நாள் அருப்புக்கோட்டையில் இறங்கியபோது உச்சி வெயில். பினாங்கிலும் வெயில் உண்டு. ஆனால் அங்கே வெயிலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மழை காத்திருக்கும். இங்கே வெயிலுக்குப் பின்னாலும் வெயில்தான் இருந்தது. மதுரையிலிருந்து வந்த வழியெல்லாம் கருவேலமும் பனையும், வெடித்துக் கிடந்த நிலமும், நடுவே திட்டுத் திட்டாய் வெடித்த பருத்தியும். அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் ஒவ்வொரு ஊரின் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உள்ளூர்க்காரர். பொறுமையாக எல்லாவற்றுக்கும் "ஆமாய்யா" என்றார்.

அத்தை வீடு நெசவாளர் தெருவுக்கு அடுத்த சந்தில். தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க அம்மாவ உரிச்சு வச்சிருக்கு" என்று அழுதார். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும் வத்தலும் சோறும். மலாயாவில் எங்கள் வீட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் கலந்திருக்கும். இதன் காரம் நேராகக் காதுக்குள் ஏறியது. அப்பா மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். வாசல் மூலையில் இரண்டு குடங்கள். ஒன்றிலிருந்து மொண்டு கை கழுவி, தூசியாக இருந்ததால் காலையும் நன்றாகக் கழுவிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "ஏத்தா, அது நல்ல தண்ணில்ல!" என்று கத்தினாள். கழுவுவதற்கு உப்புத் தண்ணீர்க் குடம், குடிப்பதற்கு நல்ல தண்ணீர்க் குடம் என்று அங்கே இரண்டு வகை. அத்தை அவளை அடக்கினார். "சும்மா கெட. பிள்ளை ஊருக்குப் புதுசு." அடக்கிவிட்டு, என் காலடியில் ஈரமாகிக் கிடந்த மண்ணை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலை.

இரண்டாம் நாள் வேல்ச்சாமி வந்தார். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி மண்டியில் எடை பார்க்கும் வேலையில் இருந்தார். தினமும் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். முதலாளி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தார். பினாங்கில் கால்சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும் மனிதர். இப்போது மடித்துக்கட்டிய வேட்டி, தோளில் துண்டு, முகம் கறுத்து ஒட்டியிருந்தது. ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு.

"மொதலாளி, நல்லா இருக்கீகளா? கடை நல்லா நடக்குதா?"

"நீ இல்லாம என்னத்த நடக்க? கணக்கெல்லாம் இவ கையில. ஒனக்குப் பயந்தவன்லாம் இவளுக்கும் பயப்படுதான்" என்று அப்பா என்னைக் காட்டினார்.

"நீங்க நல்லா இருக்கீகளா?" என்றார் என்னிடம். ஆள் இருந்ததால் நீங்க.

"நல்லா இருக்கேன். அந்த நந்தவனத்தைப் பாக்கணும்" என்றேன். கேட்ட வேகத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த நந்தவனம் என்று அவர் கேட்கவில்லை.

"அங்க என்ன இருக்கு இப்ப?" என்றார் மெல்ல.

அப்பாதான் வழி பண்ணினார். "நாளைக்கு நான் மல்லாங்கிணறு போயிட்டு வாரேன், அங்க பங்காளிக இருக்காக. அக்கா, நீ இவளக் கூட்டிட்டுத் திருச்சுழி கோயிலுக்குப் போயிட்டு வா. வேலு, ஒங்க வீட்டுல ஒரு வாய் சோறு போடச் சொல்லு." எனக்கு எல்லாம் தானாக நடப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் இலைப்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டேன். "கோயிலுக்குத்தான போறம், கல்யாணத்துக்கா?" என்று அத்தை சிரித்தார். முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பாதி வழிகூடப் போயிருக்காது, பஸ் முனகி நின்றது. முன்பக்கம் ஆவி.

"யாராச்சும் தண்ணி வச்சிருக்கீகளா? வண்டி கொதிச்சுப் போச்சு" என்றார் டிரைவர்.

மடியில் பித்தளைக் குடத்தோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் குடத்தின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். "மனுசருக்குத் தாகம்னா ஒரு மடக்குத் தாரேன். வண்டிக்குத் தர மாட்டேன்யா."  டிரைவர் ஏதாவது கிணறு தென்படுமா என்று வாளியோடு காட்டுக்குள் இறங்கிப் போனார்.

அவர் திரும்பி வருவதாக இல்லை. பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அந்த வழியாக வந்தது. அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். பட்டுச் சேலையோடு பொதிமேல் ஏறி உட்கார்ந்தேன். மேலே வெயில் மட்டும் இல்லாவிட்டால் மெத்தையைவிடச் சுகமாகத்தான் இருந்திருக்கும். வண்டிக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அங்க மழை எப்படித் தாயி?"

"அனேகமா தினம் பெய்யும்."

 அவர் வலது மாட்டின் முதுகில் தட்டி, "கேட்டியாலே? தினம் மழையாம்" என்றார்.

ஆக, விடிகாலை என்று நான் நினைத்திருந்தது நடுப்பகலாகிவிட்டது. கோயில் நடை சாத்தியிருந்தது. நேராக வேல்ச்சாமி வீட்டுக்குப் போனோம். சின்ன ஓட்டு வீடு. அவருடைய அம்மா வாசலுக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வா தாயி. ஒங்க வீட்டுச் சோத்துல வளந்தவன் எம் மகன்." அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரு நொடி திகைப்பு. அத்தை என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "அம்மா" என்றேன். கம்மஞ்சோறு, மோர், சுண்ட வத்தல், எங்களுக்காக அடித்த கோழிக் குழம்பு. கம்மஞ்சோற்றை நான் அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். தொண்டையில் சொரசொரத்து இறங்கியது. ஆனால் இன்னும் வேண்டும் போலவும் இருந்தது.

வண்டி ஆட்டத்தில் அலுத்துப்போன அத்தை சாப்பிட்டதும் படுத்துவிட்டார். "நந்தவனம் இந்தா இருக்குல்ல. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாலே. வெயிலுக்குத் துண்டக் குடு பிள்ளைக்கு" என்று அவர் அம்மாவே சொன்னார். மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த வேல்ச்சாமி முன்னால் நடந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நான் பின்னால் போனேன்.

நந்தவனத்தின் மதில் பாதி இடிந்திருந்தது. உள்ளே ஏழெட்டு அரளிகளும் ஒரு நந்தியாவட்டையும். யானை குளித்த தொட்டியில் சருகு. மகிழ மரம் இருந்தது. உண்மையாகவே மண்டபத்தின் மேல் சாய்ந்துதான் இருந்தது. அதன் ஒரு கிளையில் மட்டும் இலை. மண்டபம் அவர் சொன்னதைவிட அழகு. தூண்களில் கிளியும் கொடியும் செதுக்கியிருந்தார்கள். ஆனால் மண்டபத்துக்குள்ளும் சுற்றிலும் கால் வைக்க இடமில்லாமல் மிளகாய் காயப்போட்டிருந்தது. செக்கச் சிவந்த வத்தல். வெயிலில் அதன் நெடி எழும்பி நின்றது. ஒரு பெண் குச்சியால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "மிதிச்சிராதீகப்பா" என்று சொல்லிவிட்டு மதில் நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் தும்ம ஆரம்பித்தேன். நிற்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர். வேல்ச்சாமி சிரித்துவிட்டார். "சொன்னேன்ல, அங்க என்ன இருக்குன்னு" என்றார். படியில் வத்தலை ஒதுக்கி எனக்கு இடம் செய்துகொடுத்தார். நான் நின்று, அவர் உட்கார்ந்து என்று போட்ட திட்டம் தலைகீழாகி, நான் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்க அவர் நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி என்னைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாகளா? அதச் சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டார். ஆள் இல்லாததால் நீ.

"அப்பா ஒண்ணும் சொல்லல. நான்தான் ஒண்ணு கேக்கணும்" என்றேன். கப்பலில் பாடம் பண்ணிய வாக்கியம் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. "என்னைக் கட்டிக்கிட ஒங்களுக்குச் சம்மதமா? அப்பாவுக்குத் தெரியாது. முதலாளிக்காகச் சரின்னு சொல்ல வேண்டாம். இல்லைன்னாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு படியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வெகு நேரம் கையிலிருந்த ஒரு வத்தலின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"தண்ணிமலைத் தோட்டத்துல நான் கேக்கணும்னுதான் ஒம் பக்கத்துல வந்தேன்" என்றார். "வாய் வரல. மொதலாளி மகள்ட்ட எப்படிக் கேக்க? வந்து நின்னாச்சு, என்னமாவது பேசணும்ல. அதான் இந்த நந்தவனத்தப் பத்திப் பேசிட்டுப் போனேன். கப்பலேறுறதுக்கு முந்தி இத நான் கடைசியாப் பாத்தப்ப எனக்கு ஒம்பது வயசோ பத்து வயசோ. யானை குளிச்சதெல்லாம் எங்கய்யா சொன்ன கதை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணந்தான்" என்றேன். அதற்கு மேல் எனக்கு எல்லாம் எளிதாகத் தெரிந்தது. அப்பாவிடம் சொல்வது, பினாங்கில் கல்யாணம், பழையபடி கடை. மடமடவென்று பேசிக்கொண்டே போனேன். மறுபடி பெர்மிட்டுக்கு எழுதிப் போடலாம், அப்பாவுக்கு ஆட்களைத் தெரியும் என்றேன்.

அவர் என்னைப் பேசி முடிக்கவிட்டார். "பொண்டாட்டியக் கூட்டிட்டு வாரவனுக்குத்தான் அங்க வழி இருக்கு தனம். புருசனக் கூட்டிட்டு வாரவளுக்கு இல்ல. விசாரிச்சுட்டேன், வாரதுக்கு முந்தியே. அப்படியே குடுத்தாலும் அந்தப் பெர்மிட்டு ஆபீசு வரிசையில இன்னொரு தடவ போயி நிக்க மாட்டேன். அத்தன வருசம் இருந்திட்டு, நீ எந்த ஊர்க்காரன்னு கேட்டான். இங்க யாரும் என்ன அப்படிக் கேக்கல." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இங்க இருப்பியா?"

கடல் தாண்டி வந்த வழியெல்லாம் அவருடைய பதில் என்னவாக இருக்கும் என்று மட்டுமே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இடிந்த மதிலுக்கு அப்பால் குண்டாறு தெரிந்தது. ஆறு என்றால் மணல். மணலில் ஆங்காங்கே குழி தோண்டி, பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் வயதுதான் இருப்பாள். ஒரு சிரட்டை ஊற்றிவிட்டு, அடுத்தது ஊறும்வரை முழங்காலில் முகத்தை வைத்துக் காத்திருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதிகம் இருக்காது. வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. திறக்கவில்லை.

"வெயிலா இருக்கு. போவம்" என்று வேல்ச்சாமி எழுந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை தூங்கிக்கொண்டே வந்தார். எனக்குக் கண்ணின் எரிச்சல் அடங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் என் மனம் தெளிந்திருந்தது. அங்கேயே இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். தண்ணீர் எடுக்கப் பழகினால் வந்துவிடும். அந்தப் பெண் இருக்கிறாள், நான் இருக்க முடியாதா? அப்பா கருப்பட்டிக் காப்பியோடு வாசலில் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அப்பா, வேல்ச்சாமியைக் கட்டிக்கிட்டு நான் இங்கேயே இருக்கப்போறேன்."

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "அவன் கேட்டானா?"

"நான் கேட்டேன்."

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். "நான்ல கேட்டிருக்கணும்" என்றார். "அவன் கப்பலேறுறதுக்கு முந்தி, பேப்பரு அது இதுன்னு வாரதுக்கு முந்தி, நான் கேட்டிருக்கணும். எனக்கும் மனசுல இருந்துச்சு தாயி. கணக்குப்பிள்ளைக்குப் பொண்ணக் குடுத்தான்னு நாலு பேர் பேசுவாகளேன்னு தள்ளிப் போட்டேன்." காப்பி ஆறிப்போய்க் கிடந்தது. "போ. அவன்ட்டச் சொல்லு. நான் பின்னால வாரேன்."

பருத்தி மண்டியில் காலை நேரத்துக் கூட்டம். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள் வரிசையில் நின்றன. வேல்ச்சாமி தராசுப் பக்கத்தில் நின்று எடையைக் கூவிக்கொண்டிருந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, வண்டிகளுக்குப் பின்னால் வேப்ப மரத்தடிக்கு வந்தார்.

"இருப்பேன்" என்றேன். "நேத்துக் கேட்டதுக்கு."

அவர் சந்தோஷப்பட்டார். அதை நான் பார்த்தேன். இல்லையென்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் அது முகத்தில் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"வேண்டாம் தனம்."

"ஏன்?"

"நேத்து ஒம் மொகத்தப் பாத்துட்டேன்."

"ஒரு கேள்வி கேட்டா மனுசி யோசிக்கக்கூடாதா? ஊரை, கடையை, அப்பாவை விட்டுட்டு வாரதுன்னா யோசிக்க வேண்டாமா?"

"யோசிக்கலாம். நீ யோசிக்கல. நீ பயந்துட்ட." குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நீ வந்து இருப்ப, எனக்குத் தெரியும். ஒரு நாள்கூட வாய்விட்டு ஒண்ணும் சொல்ல மாட்ட. நீ ஒவ்வொரு தடவ குடத்தத் தூக்கும்போதும் எனக்கு அந்த மொகந்தான் தெரியும். அத வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்க?"

"அது என் பாடு. நான் பாத்துக்கிடுறேன்."

"எம் பாடும்தான்" என்றார்.

நான் இன்னும் வாதாடியிருக்கலாம். ஒரு வாரம் இங்கே இருந்து காட்டுகிறேன், ஒரு வருஷம் பொறுங்கள் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்கு வாதம் எழவில்லை. அந்த மண்டபத்தில் நான் பயந்தேன்தான். மறுநாள் காலையில் அந்தப் பயம் இல்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவரை நம்பவைக்க எனக்கு வழி தெரியவில்லை. தராசிலிருந்து யாரோ "வேலு!" என்று கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று குரல் கொடுத்தார். ஆனால் கொஞ்ச நேரம் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்பா வந்தபோது நான் மண்டி வாசலில் தனியாக நின்றேன். அவர் உள்ளே போய்ப் பேசினார். வெளியே வந்து, "கேக்க மாட்டேங்கான்" என்றார். எதிர்த்த கடையில் எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார், சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதுபோல். நான் அதைத் தின்றபடியே வீடு வரை நடந்தேன்.

ஐந்தாம் நாள் காதுகுத்து. குழந்தை வீறிட்டு அழுதது. கெடாக்கறி விருந்து. பந்தியில் பாளையம்பட்டிச் சொந்தக்காரர் ஒருவர், மலாயாவில் சோறு தின்பார்களா, பன்றிதான் தின்பார்களா என்று என்னிடம் கேட்டார். சோறுதான் என்றேன். "அப்ப நல்ல ஊருதான்" என்று எழுந்து கை கழுவப் போனார். நான் தாம்பாளத்தில் சந்தனத்தை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினேன். வேல்ச்சாமியும் அம்மாவோடு வந்திருந்தார். குனிந்து சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை அத்தையின் வாய்மொழியாகத்தான் எனக்குத் தெரியும். ஓரிரு வருஷத்தில் அவர் திருச்சுழிப் பக்கத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டார். நல்ல பெண்ணாம். நானும் பிறகு ஈப்போவில் ஒரு வாத்தியாரை மணந்துகொண்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஜன்னலை மூட எழுந்து, மூடாமல் நின்றுவிடுகிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று அவர் கேட்டதில்லை.

புறப்பட்ட அன்று மத்தியானம் மதுரை பஸ்ஸுக்கு வேல்ச்சாமி வந்திருந்தார். பெட்டிகளை மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் பஸ்ஸில் ஏறி இடது பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் உட்காரப் போனேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அங்கிட்டு வேண்டாம், இங்கிட்டு வாங்க" என்றார். வலது பக்கம், டிரைவருக்குப் பின்னால் இருந்த இடத்தில் அவருடைய துண்டைப் போட்டுவைத்திருந்தார்.

கண்டக்டர் அதட்டினார். "பொம்பளைக சீட்டு அங்கிட்டு இருக்குல்ல?"

"அங்கிட்டு வெயிலுண்ணே. மதுரை வரைக்கும் மேக்க இருந்து அடிக்கும்" என்றார் வேல்ச்சாமி. "இவுக மலாயாக்காரவுக. தாங்க மாட்டாக. இங்கிட்டே இருக்கட்டும்."

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்று விசில் கொடுத்தார். நான் துண்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

எதிர்ப் பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மடியில் இருந்த குழந்தைக்குத் தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்திருந்தாள். காரியாபட்டி கடந்தும் வெயில் குறையவில்லை. மதுரை போய்ச் சேரும் வரைக்கும் என் மேல் ஒரு பொட்டு வெயில் படவில்லை.